கேட்டு எடுத்த தங்கம்

பாலைவனம் என்றால் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்றுதான் நாம் வெகு காலமாக எண்ணிக் கொண்டிருந்தோம். அங்கே நெல் விளையாது. வீடு கட்டிக் குடியேற ஒருவரும் வரமாட்டார். வரி கேட்கக் கணக்குப்பிள்ளையும் வரமாட்டார். அப்படிப்பட்ட நிலத்துக்குச் சொந்தக்காரர் ஏது? நம் ஊர் வழக்கில் சொன்னால் சுத்தப் புறம்போக்கு. இந்த அபிப்பிராயம் எவ்வளவு பிசகானது என்பதை நமக்கு உணர்த்தியது ஒரு வாளி மண். அந்த வாளியின் கதையில் நமக்குப் பெருமை தரக்கூடிய அம்சம் சொற்பமே. ஆயினும் நேயர்களிடம் ஒளிக்காமல் சொல்லி விடுவது மனத்துக்கு ஆறுதலாயிருக்கும்.

அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்துப் பீனிக்ஸ் நகரில் நம் சகோதரியின் புதல்வன் உத்தியோகம் பார்க்கிறான். மாசி மாதத்தில் அங்கே வெயில் நம் ஊர் மார்கழியைப் போல் இதமாயிருக்கும் என்று அவன் எழுதியதை நம்பி, நாமும் நம் வீட்டு அம்மாளும் ஒரு மாத காலம் போயிருந்தோம். போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே மருமான் ஒரு மூலையிலிருந்து சில சாமான்களை எடுத்துக் கடை பரப்பினான். அகலமான ஒரு பச்சைத் தட்டு, ஒரு சல்லடை, ஒரு சிறு மண்வெட்டி, ஒரு வாளி.

"இதெல்லாம் எதற்கடா?" என்றோம்.

"தங்கம் அரிக்க, மாமா. இங்கே பாலைவனத்து ஓடைகளில் தங்கம் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இதுதான் பலருக்குப் பொழுதுபோக்கு."

தங்கம் விற்கிற விலையை நேயர்கள் அறிவார்கள். நம் வீட்டு அம்மாள் ஒரு பெருமூச்சு விட்டாள். "கடைக்காரன்தான் விலை சொல்கிறான், பூமாதேவி சும்மாவே கொடுக்கிறாளாமே!" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக் கொண்டு மோட்டாரில் புறப்பட்டு விட்டோம்.

பீனிக்ஸிலிருந்து வடமேற்கே ஐம்பத்தைந்து மைல் போனால் விக்கன்பர்க் என்னும் சிற்றூர் வருகிறது. அதையும் தாண்டி வடக்கே சென்றால், கற்களும் முட்புதர்களும் நிறைந்த மலைச் சரிவுகள். வானத்தை நோக்கிக் கை நீட்டியபடி நாற்பது அடி உயரம் வரை வளர்கிற சாகுவாரோக் கள்ளிகள் ஆங்காங்கே துவார பாலகர்களைப் போல் நிற்கின்றன. கண்ணுக்கு எட்டிய வரையில் வேலி இல்லை, வீடு இல்லை, மனிதர் இல்லை.

"இவ்வளவும் புறம்போக்குதானே?" என்று கேட்டோம்.

"அப்படித்தான் இருக்க வேண்டும், மாமா" என்றான் மருமான். அந்த 'வேண்டும்' என்ற சொல்லை நாம் அப்போது கவனிக்கவில்லை.

வறண்ட ஓடை ஒன்றின் வளைவில் இறங்கினோம். கரையில் கற்குவியல் ஒன்றும், அதன் நடுவே வெள்ளைக் குழாய் ஒன்றும் நட்டிருந்தன. ஏதோ எல்லைக்கல் என்று எண்ணி, வியர்வை துடைத்த துண்டை அதன் மேல் உலர்த்தினோம். மருமான் தட்டில் நீர் ஊற்றி மண்ணைக் கலக்கிச் சுழற்றினான். முதல் தட்டில் கறுப்பு மணல். இரண்டாம் தட்டிலும் கறுப்பு மணல். மூன்றாவதில் ஊசி முனையளவு மஞ்சளாக ஒன்று பளிச்சிட்டது. அவ்வளவுதான், நமக்குத் தலைகால் புரியவில்லை. மருமானும் அம்மாளும் அந்தத் துளியைக் கண்டு வியந்து கொண்டிருந்த சமயம், நாம் ஓடையின் அடிப்பாறை மேலிருந்த மண்ணை ஒரு வாளி நிறைய வழித்து நிரப்பி, மோட்டாரின் பின்பெட்டியில் சோற்றுக் கூடைக்குப் பின்னால் வைத்து மூடினோம். 'வீட்டிலே நிதானமாக அரிக்கலாம்' என்பது உத்தேசம்.

திரும்பி வந்து பார்த்தால், பழைய லாரி வண்டி ஒன்று வந்து நிற்கிறது. அதிலிருந்து எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் இறங்கினார். இடுப்பில் துப்பாக்கி. ஆனால் அவர் கை அதன் பக்கம் போகவில்லை. தொப்பியைக் கழற்றி நம் வீட்டு அம்மாளுக்கு வந்தனம் செய்தது.

"ஐயா, துண்டு உலர்கிற குழாயைத் திறந்து பார்த்தீர்களா?" என்றார்.

மருமான் மூடியைத் திருகி எடுத்தான். உள்ளே சுருட்டிய காகிதம். அந்த ஓடையும் அதன் இரு கரைகளுமாக 20 ஏக்கர் நிலத்தின் தாதுப் பொருள்கள்மேல் தமக்குப் பாத்தியதை உண்டு என்று அப்பெரியவர் எழுதி, பெயரும் விலாசமும் நாளும் இட்ட அறிவிப்பு. மருமானின் முகம் வெளிறி விட்டது.

பெரியவர் கோபிக்கவில்லை. "தெரியாமல் வந்திருக்கிறீர்கள். இனிமேல் எங்கே போனாலும் மண்வெட்டியை இறக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். நிலம் யாருடையது? தாது எடுக்க அது திறந்திருக்கிறதா? நமக்கு முன்னே யாரேனும் உரிமை பதிந்திருக்கிறார்களா? மூன்றுக்கும் விடை தெரிந்தால் எவருக்கும் அஞ்ச வேண்டாம்" என்றார். தட்டிலிருந்த அந்தத் துளியைக்கூட மருமான் ஓடையிலேயே கொட்டி விட்டுக் கைகூப்பினான். வண்டி ஏறினோம். பின்பெட்டியின் ஞாபகம் நமக்கு வந்தது. ஆனால் வாய் வரவில்லை.

இரவு சோற்றுக் கூடையை எடுக்கப் போன அம்மாள் வாளியோடு வந்தாள்.

"இது என்ன?"

"மண்."

"யார் மண்?"

இந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லவில்லை. பத்திரிகை வழக்கப்படி 'நாம், நாம்' என்று பன்மையில் எழுதிக் கொண்டாலும், மண்ணைத் திருடிய ஆசாமி ஒருவரேதான் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மருமான் ஒன்றும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்து விட்டான். அவன் அந்நாட்டுப் பிரஜை அல்லன். வேலைக்கென்று கொடுத்த அனுமதியின்பேரில் இருப்பவன். பிறர் பாத்தியதையில் புகுந்து தாது எடுத்தான் என்று ஒரு புகார் எழுந்தால், அந்த அனுமதியைப் புதுப்பிக்கிற வேளையில் என்ன கேள்வி வருமோ! ஒரு வாளி மண்ணுக்காக ஒரு குடும்பத்தின் பிழைப்பே ஆட்டங் காணக்கூடும். இது தெரிந்தும் நாம் என்ன யோசனை சொன்னோம்? "அரித்துப் பார்த்து விட்டு மண்ணைத் தோட்டத்தில் கொட்டி விடலாமே, யாருக்குத் தெரியப் போகிறது?" என்றோம்.

அம்மாள் நம்மை ஏறிட்டுப் பார்த்தாள். "எடுத்த இடத்தில் கொண்டு போய் வையுங்கள்" என்று சொல்லி விட்டு உள்ளே போய் விட்டாள். அன்று முதல் அந்த வாளி கூடத்தின் மூலையில், கடன்காரனைப் போல் உட்கார்ந்திருந்தது.

அந்த வாரம் முழுவதும் மாலை வேளைகளில் மருமானும் நாமும் பெரியவர் சொன்ன மூன்று கேள்விகளைப் பாடம் படித்தோம். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலில் நிலம் யாருடையது என்கிற சங்கதி. பீனிக்ஸுக்கு மேற்கே, கீலா நதியும் ஸால்ட் நதியும் கூடுகிற இடத்தருகே ஒரு சிறு குன்று இருக்கிறது. அதன் உச்சியை மூலமாக வைத்தே மாகாணத்தின் பெரும்பகுதியையும் சதுரம் சதுரமாக அளந்திருக்கிறார்கள். பக்கத்துக்கு ஆறு மைல் உள்ள பெரிய சதுரம். அதற்குள் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் கொண்ட 36 கட்டங்கள். கட்டங்களுக்கு எண் போடுகிற முறை விசித்திரமானது. வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பி, ஏர் உழுகிறவன் படைச்சாலில் மாட்டைத் திருப்புவது போலத் திரும்பித் திரும்பி 36-இல் முடிகிறது. இவற்றில் 2, 16, 32, 36 ஆகிய எண்ணுள்ள கட்டங்களைப் பள்ளிக்கூடங்களின் வருமானத்துக்கென்று மாகாணத்துக்கு ஒதுக்கினார்கள். அரிஸோனா 1912-இல் முழு மாகாணமாயிற்று. இப்போது ஏறக்குறைய 92 லட்சம் ஏக்கர் இவ்வாறு மாகாணத்தின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே தாது தேட மாகாண நில இலாகாவின் தனி அனுமதி வேண்டும். உலாவுவதற்குக் கொடுக்கிற சாதாரணச் சீட்டு இதற்குச் செல்லாது.

படத்தில் இவற்றையெல்லாம் வர்ணம் வர்ணமாகக் காட்டியிருக்கிறார்கள். மாகாண நிலம் நீலம். தனியார் நிலம் வெள்ளை. தேசிய வனம் பச்சை. பூர்வ குடிகளின் ஒதுக்கு நிலம் ஆரஞ்சு. ராணுவ நிலம் இளஞ்சிவப்பு. தேசியப் பூங்கா ஊதா. மத்திய சர்க்காரின் நில நிர்வாகப் பணியகத்தைச் சேர்ந்த நிலம் மஞ்சள். அரிஸோனாவில் மட்டும் அது சுமார் 1 கோடியே 20 லட்சம் ஏக்கர். நம்மைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைத் தங்க வேட்டைக்காரர்கள் முதலில் தேட வேண்டியது இந்த மஞ்சளைத்தான். "மஞ்சள் எங்கேயும் மங்களம்தான்" என்றாள், காய் நறுக்கிக் கொண்டிருந்த அம்மாள்.

ஆனால் மஞ்சளெல்லாம் மங்களம் அல்ல என்பதே இரண்டாவது கேள்வி. சர்க்கார் நிலமாயிருந்தும் தாது எடுப்பதற்கு மூடப்பட்ட பகுதிகள் ஏராளம். மனித நடமாட்டம் மிகாமல் காக்கிற வனாந்தரங்கள், அணை முதலிய காரியங்களுக்காக ஒதுக்கியவை என்று பல வகை. பக்கத்துக் கலிபோர்னியா மாகாணத்தில் ஜோஷுவா மரப் பூங்கா என்று ஒன்று உண்டு. பழைய தங்கச் சுரங்கங்கள் பல அதற்குள் இருக்கின்றன. 1936-இல் காப்பிடமாக்கி, 1994-இல் தேசியப் பூங்காவாக உயர்த்திய பிறகு, அங்கே தங்கம் தேடித் தட்டை இறக்கக் கூடாது.

வெள்ளை நிறத்திலும் ஒரு வேடிக்கை. மேய்ச்சலுக்காக மனைகள் வழங்கிய 1916-ஆம் வருஷத்துச் சட்டப்படி, மேல்நிலம் குடியானவருக்கு. அதன் அடியிலுள்ள தாதுப் பொருள் சர்க்காருக்கு. மேல்வாரம், குடிவாரம் என்று ஒரே வயலில் இரண்டு பாத்தியதைகள் இருந்ததை அறிந்த நம்மவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

மூன்றாவது கேள்விதான் நம்மைத் தடுக்கி விழச் செய்தது. ஜனாதிபதி கிராண்ட் 1872-இல் கையெழுத்திட்ட சுரங்கச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. திறந்திருக்கிற சர்க்கார் நிலத்தில் தங்கம் கண்டவர், எல்லைக்குறி நட்டு, அறிவிப்பு எழுதி வைத்து, 90 நாளுக்குள் ஜில்லாப் பதிவாளரிடமும் நில நிர்வாகப் பணியகத்திலும் பதிந்து கொண்டால், அங்குள்ள தாதுவை எடுக்கும் உரிமை அவருடையது. ஓடை மண்ணில் கிடைக்கும் தங்கமானால் ஒருவருக்கு 20 ஏக்கர். பாறைக்குள் ஓடும் நரம்பானால் 1,500 அடி நீளமும் 600 அடி அகலமும். எடுக்கும் பொன்னில் சர்க்காருக்குப் பங்கு கிடையாது. ஆண்டுக் கட்டணம் மட்டும் உண்டு. அது 2024-இல் 200 டாலராக உயர்ந்தது. பத்து உரிமைகளுக்கு மேல் இல்லாத சிறு ஆசாமி, வருஷத்துக்கு 100 டாலர் பெறுமான வேலையைச் செய்து காட்டி விலக்குப் பெறலாம். செப்டம்பர் முதல் தேதியைத் தவற விட்டால் உரிமை போயிற்று. பிரஜைகளும், பிரஜையாகும் எண்ணத்தை முறைப்படி தெரிவித்தவர்களும் மட்டுமே இவ்வுரிமையைப் பதியலாம். ஆகவே நம் மருமானுக்கு அந்த வாசல் இல்லை. ஒருவரும் பதியாத திறந்த நிலத்தில், தட்டும் சல்லடையும் கை மண்வெட்டியுமாகப் பொழுதுபோக்காக அரிப்பதற்குப் பெரும்பாலும் சீட்டுத் தேவையில்லை. இயந்திரம் வைத்தால்தான் எழுத்து வேலை தொடங்குகிறது.

யார் எங்கே பதிந்திருக்கிறார்கள் என்பதைச் சர்க்காரின் பதிவேட்டில் கணினி மூலமாகவே பார்க்கலாம். ஆனால் அது இன்ன கட்டத்தின் இன்ன கால் பாகம் என்ற அளவில்தான் சொல்லும். சரியான எல்லை தெரிய, ஜில்லாப் பதிவாளரிடம் உள்ள அறிவிப்பையும் படத்தையும் பார்க்க வேண்டும். அதன் பிறகும் நேரில் நடந்து, கற்குவியலும் கம்பமும் உண்டா என்று பார்க்க வேண்டும். பதிவு புத்தகத்துக்கு வருமுன்பே குறி நிலத்துக்கு வந்திருக்கலாம் அல்லவா? நம் துண்டு உலர்ந்த குழாய் இதைத்தான் நமக்குச் சொல்லிக் கொண்டிருந்தது.

வேறு சில விதிகளும் உண்டு. தோண்டிய குழியை மூட வேண்டும். கள்ளியை வெட்டக் கூடாது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட புராதனப் பொருள்களைக் காக்க 1979-இல் ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். பழைய பானை ஓட்டைக் கண்டால் கண்ணால் பார்ப்பதோடு சரி. பாலைவனத்து ஆமையை எடுத்துக் கொஞ்சவும் கூடாது. அது பயந்து, உடலில் சேமித்து வைத்திருக்கிற நீரைக் கழித்து விட்டால், அடுத்த மழை வரையில் பிழைப்பது அரிது.

இத்தனையும் படித்துத் தேர்ந்து, படத்தில் சுத்த மஞ்சளாக, திறந்ததாக, ஒருவரும் பதியாததாக ஓர் இடத்தைக் கண்டுபிடித்து விட்டோம். சனிக்கிழமை அங்கே போய் காலை முதல் மாலை வரை மண்ணை அரித்தோம். சட்டப்படி இடம் கிடைத்தது. தங்கம் மட்டும் கிடைக்கவில்லை! காரணம் சுலபமானது. நூற்று அறுபது வருஷமாக ஜனங்கள் சலித்த நாடு அது. தங்கம் உள்ள ஓடைகளில் எவரோ குழாய் நட்டு விட்டார். மிச்சமுள்ளது ஏன் மிச்சமிருக்கிறது என்று யோசித்திருக்க வேண்டும். அதனால்தான் அங்கே பலர் சங்கம் சேர்ந்து உரிமைகளைப் பொதுவில் வாங்கி வைத்துக் கொள்கிறார்கள். அல்லது உரிமை உள்ளவரை அடுத்து அனுமதி கேட்கிறார்கள்.

அனுமதி! கூடத்து மூலையில் வாளி உட்கார்ந்திருந்தது. பதிவேட்டிலிருந்த விலாசத்துக்கு, நடந்ததை ஒளிக்காமல் மருமான் ஒரு கடிதம் எழுதினான். "தங்கள் மண் ஒரு வாளி எங்களிடம் இருக்கிறது. எடுத்தவர் என் மாமா. திருப்பிக் கொடுக்க எப்போது வரலாம்?" நாலாம் நாள் தொலைபேசியில் பதில் வந்தது. பெரியவரின் சிரிப்பு அறை முழுவதும் கேட்டது. "ஐம்பது வருஷமாக இந்த மலையில் இருக்கிறேன், மண்ணைத் திருடியவர்களைப் பார்த்திருக்கிறேன், திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்" என்றார்.

போனோம். வாளியை அவர் காலடியில் வைத்து விட்டு, நமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக் கொண்டோம். வயது அறுபதைத் தாண்டிய பிறகு மருமான் எதிரில் மன்னிப்புக் கேட்பது அவ்வளவு சுலபமான காரியமன்று. அவரோ வாளியைத் தூக்கிப் பார்த்து, "நல்ல இடத்தில்தான் வழித்திருக்கிறீர்கள்" என்று நம் திறமையைப் புகழ்ந்தார். பிறகு தம் கருவியை இறக்கினார்.

அந்தக் கருவியைக் கண்டதும் நமக்கு நம் ஊர்க் களத்து மேடுதான் நினைவுக்கு வந்தது. பாலையில் ஓடுகிற நீர் ஏது? ஆகவே அங்கே தங்கத்தைக் கழுவுவதில்லை, தூற்றுகிறார்கள். மேலே சல்லடை, கீழே துணி விரித்த சாய்வுத் தட்டு, அதில் குறுக்கே சிறு மரச் சட்டங்கள், அதற்கும் அடியில் துருத்தி. கையால் சுழற்றினால் துருத்தியின் காற்று துணி வழியே எழும்பி மணலைத் துள்ள வைக்கிறது. இலேசான மணல் சட்டங்களைத் தாண்டிப் பதராகப் பறந்து போகிறது. நீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனமுள்ள தங்கம் நெல்மணியைப் போல் கீழே நின்று விடுகிறது. மண்ணில் கொஞ்சம் ஈரமிருந்தாலும் பலிக்காது. முற்காலத்தில் கருவி இன்றியே, மெக்ஸிகோக்காரர்கள் கம்பளியில் மண்ணை இட்டுக் காற்றில் வீசிப் பிரித்தார்களாம். ஓடையின் அடியில் சுக்கான் பாறை படிந்திருக்கிற இடங்களில் தங்கம் இறங்க முடியாமல் தங்கி விடும் என்பதையும், கோடையில் திடீர் வெள்ளம் வரும்போது அது இடம் பெயர்ந்து புது மூலைகளில் ஒதுங்கும் என்பதையும் பெரியவர் காட்டிக் கொடுத்தார்.

வாளி மண் முழுவதையும் தூற்றி, மிஞ்சிய கறுப்பு மணலை ஒரு தொட்டி நீரில் அலசியபோது, தட்டின் ஓரத்தில் மூன்று மஞ்சள் துகள்கள் நின்றன. தட்டார் தெருச் சாக்கடையை அரிப்பவர்கூட அவற்றை ஒரு பொருட்டாக மதிக்க மாட்டார். பெரியவர் அவற்றைச் சிறு கண்ணாடிக் குப்பியில் நீரோடு இட்டு நம் வீட்டு அம்மாளிடம் கொடுத்தார்.

"வேண்டாம், உங்களுடையது" என்றாள் அம்மாள்.

"என்னுடையதானதால்தானே அம்மா கொடுக்க முடிகிறது?" என்றார் அவர்.

கள்ளி நிழலில் தயிர்சாதம் உண்டோம். எதிரே தெரிந்த மலையைக் காட்டி, அதற்கு ரிச் ஹில், அதாவது செல்வக் குன்று என்று பெயர் என்றார் பெரியவர். 1863-இல் பாலின் வீவர் என்பவர் வழி காட்ட, ஒரு கூட்டத்தார் அங்கே வந்தார்கள். உச்சியில் தங்கக் கட்டிகள் தரையிலேயே கிடந்தன. பாறை இடுக்கிலிருந்து கத்தி முனையால் நோண்டி எடுத்தார்கள் என்பது அங்கே வழங்குகிற வரலாறு. அதே வருஷத்தில்தான் அரிஸோனா தனிப் பிரதேசமாயிற்று. ஹென்றி விக்கன்பர்க் வல்ச்சர் சுரங்கத்தைக் கண்டதும் அதே வருஷந்தான்.

ஒரு வாரம் பத்திரங்களையே படித்த பழக்கத்தில் நாம் கேட்டோம். "உங்களுக்குச் சர்க்கார் உரிமை கொடுத்தது. சர்க்காருக்கு யார் கொடுத்தது?"

"1848-இல் மெக்ஸிகோவிடமிருந்து வந்தது."

"மெக்ஸிகோவுக்கு?"

"ஸ்பெயினிடமிருந்து."

"ஸ்பெயினுக்கு?"

பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக் கொண்டார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என் அறிவிப்பைப் பதிந்திருக்கிற ஜில்லாவின் பெயர் என்ன, சொல்லுங்கள்" என்றார்.

"யவபாய் ஜில்லா."

"அவர்களைத்தான் ஒருவரும் கேட்கவில்லை" என்றார்.

பீனிக்ஸுக்குத் திரும்பிய பின் யவபாய் மக்களின் சரித்திரத்தைத் தேடிப் படித்தோம். அந்த மலைகளில் வேட்டையாடியும் கிழங்கு, விதை சேகரித்தும் வாழ்ந்தவர்கள் அவர்கள். தங்கத்தைத் தேடி வந்தவர்களோடு சண்டைகள் மூண்டன. பின்னர் பட்டாளம் வந்தது. 1870-களின் தொடக்கத்தில் அவர்களை வெர்டே நதிக்கரையில் ஓர் ஒதுக்கு நிலத்தில் இருத்தினார்கள். அங்கே அவர்கள் கிடைத்த கருவிகளைக் கொண்டு வாய்க்கால் வெட்டி, நீர் பாய்ச்சிப் பயிர் செய்யத் தொடங்கினார்கள். தம் உணவைத் தாமே விளைவித்துக் கொண்டால், சர்க்கார் செலவில் அவர்களுக்குத் தானியம் விற்கிற வியாபாரிகளின் கதி என்னாவது? வியாபாரிகளின் செல்வாக்கு வேலை செய்தது. 1875 பிப்ரவரியில், குளிரில், யவபாய்களும் தோன்டோ அபாச்சிகளுமாகச் சுமார் 1,400 பேரை 180 மைல் தூரத்திலுள்ள ஸான் கார்லோஸுக்கு மலைகளின் வழியே நடத்திச் சென்றார்கள். 100 பேருக்கு மேல் வழியில் மாண்டார்கள். சொந்தக் காலில் நிற்க முயன்றதற்குக் கிடைத்த தண்டனை இது! இத்தகைய கதை நம் நாட்டாருக்கு விளக்கம் இன்றியே விளங்கும்.

அந்தக் குலத்தில் பிறந்த வஸாஜா என்னும் சிறுவன் 1871-இல் பகைக் குலத்தாரிடம் சிறைப்பட்டு, ஓர் இத்தாலியப் புகைப்படக்காரருக்கு 30 டாலருக்கு விற்கப்பட்டான். கார்லோஸ் மாண்டெஸுமா என்று பெயரிட்டு அவர் வளர்த்த அப்பிள்ளை, 1889-இல் வைத்தியப் பட்டம் பெற்றுச் சிகாகோ நகரில் பேர் பெற்ற டாக்டரானார். 1916 முதல் தம் பழைய பெயராலேயே ஒரு பத்திரிகை நடத்தித் தம் மக்களுக்காக வாதாடினார். மக்டவல் கோட்டை என்னும் இடத்தில் 1903-இல் யவபாய்களுக்குக் கிடைத்த நிலத்தை விட்டு அவர்களை மறுபடியும் கிளப்பப் பார்த்தபோது எதிர்த்து நின்று காத்தவர்களில் அவர் முக்கியமானவர். 1923-இல் அந்த மண்ணுக்கே வந்து உயிர் நீத்தார்.

பிற்காலத்தில் அந்நிலத்தின் பெரும்பகுதியை மூழ்கடிக்கக்கூடிய அணை ஒன்று கட்டுவதாக ஏற்பாடு நடந்தது. ஈடாக மூன்று கோடி டாலருக்கு மேல் தருவதாகச் சொன்னார்கள். சில நூறு பேர் கொண்ட சமூகம், செல்வர்களும் அல்லர். 1976-இல் வாக்கெடுத்து, வேண்டாம் என்று சொல்லி விட்டார்கள். 1981-இல் பீனிக்ஸ் வரை மூன்று நாள் நடந்து வந்து தங்கள் மறுப்பை மறுபடியும் தெரிவித்தார்கள். அவ்வருஷம் நவம்பரில் அணை யோசனை கைவிடப்பட்டது. அவர்களை அன்று நடத்திச் சென்றார்கள். இம்முறை அவர்களே நடந்தார்கள்.

இதைப் படித்து முடித்த இரவு, அம்மாள் கேட்ட 'யார் மண்?' என்ற கேள்வி நமக்கு மறுபடி ஞாபகம் வந்தது. சட்டம் கேட்கச் சொல்லும் மூன்று கேள்விகளும் நல்ல கேள்விகளே. அவற்றைக் கேட்காமல் ஓடையில் இறங்குகிறவன் திருடன். நாம் அனுபவத்தில் கண்டோம். ஆனால் அந்தப் பதிவேட்டில் முதல் எழுத்து விழுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி இருந்தது. அதை 1863-இல் எவரும் கேட்கவில்லை. ஒரு வாளி மண்ணானால் மோட்டாரில் வைத்துக் கொண்டு போய்க் கொடுத்து விடலாம். ஒரு மலை நாட்டை எந்த வாளியில் அள்ளிக் கொண்டு போய் யார் காலடியில் வைப்பது? அந்தப் பெரியவருக்கும் இதற்கு விடை தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை.

ஊருக்கு வந்த பிறகு நமக்குப் பழக்கமான ஆசாரியிடம் குப்பியைக் காட்டினோம். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, "இதை நிறுக்கத் தராசு இல்லை ஸ்வாமி; குந்துமணிக்குப் பக்கத்தில்கூட வராது" என்று சிரித்தார். அம்மாள் அதைப் பத்திரமாக வாங்கிக் கொண்டு வந்து, தன் நகைப் பெட்டியில் தாலிக் குண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். பார்க்கிறவர்கள் இதென்ன என்று கேட்டால், "கேட்டு எடுத்த தங்கம்" என்கிறாள். முதலில் கேளாமல் எடுத்ததைப் பற்றி அவள் வெளியே சொல்வதில்லை. அதனால்தான் நாமே இங்கே எழுதி விட்டோம்.